கிறிஸ்தவப் பேர்

சிராங்கூன் சாலை மிஷன் பள்ளியில், விரித்த சேர்க்கைப் பதிவேட்டின் மேல் காலை வெயில் படுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியை யோகம், 'கிறிஸ்டியன் நேம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே தமிழாக்கிக் கேட்கிறாள்: "பிள்ளையின்ர கிறிஸ்தவப் பேர் என்ன?" சம்சுன்னிசா மகளின் தோளை வெடுக்கென்று பற்றுகிறாள். "படிக்கத்தான் கூட்டியாந்தேன், பேர மாத்த இல்ல!" முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல் வாசலுக்குத் திரும்புகிறாள். வெளியே ரிக்‌ஷா மணி கிணுகிணுக்கிறது. "ஐயோ, நில்லுங்கோ! சொந்தப் பேரைத்தான் வெள்ளைக்காரர் அப்பிடிச் சொல்லுவினம்." யோகம் பேனாவை மையில் தோய்த்து, 'கிறிஸ்டியன்' என்ற சொல்லின் குறுக்கே அழுத்திக் கோடிழுக்கிறாள். 'நேம்', வெறும் பேர், மட்டும் மிஞ்சுகிறது. ஈர மை வெயிலில் மினுங்குகிறது. திரும்பிப் பார்க்கும் சம்சுன்னிசாவின் பிடி தளர்கிறது. சிறுமி மேசையோரம் எக்கி நின்று முணுமுணுக்கிறாள்: "ஜரீனா." "சத்தமாச் சொல்லும்மா," என்கிறாள் சம்சுன்னிசா. "அவங்க தப்பில்லாம எழுதட்டும்."