சுகந்தி கேட்டாள்

பதினொரு மணிக்கு சுகந்திக்கு இணையவழி நேர்முகத் தேர்வு. பதினேழு வருடங்களுக்குப் பிறகு ஒரு வேலை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மணி பத்து ஐம்பத்தாறு. சாப்பாட்டு மேஜையில் இருந்த அவள் கணினியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டில் மூன்று கணினிகளுக்கும் ஒரே இணைய இணைப்பு. யாருக்கு எவ்வளவு வேகம் என்பதை ஹாலில் இருக்கும், பேசும் வைஃபை பெட்டிதான் முடிவு செய்யும். அவரவர் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொண்டிருந்தது. கணவன் பழனிவேலுக்கு மீட்டிங் என்றாலும், மகளுக்கு வகுப்பு என்றாலும் சுகந்தி சொல்வது ஒன்றுதான்: "பரவால்ல, எனக்கு அப்புறம் குடு."

இன்று பெட்டியின் முன் போய் நின்றாள்.

"எனக்கு இப்பவே வேணும். முழுசா வேணும்."

"சுகந்தி இதுவரை இப்படிக் கேட்டதில்லை," என்றது பெட்டி. "அவர் குரலில் வேறு யாரோ பேசுவதாகச் சந்தேகிக்கிறேன். வீட்டில் உள்ளவர்களிடம் கேட்கிறேன்."

"அடேய், நான்தான்டா பேசுறேன்!"

அதற்குள் மூடியிருந்த இரண்டு அறைகளுக்கும் கேள்வி போய்விட்டது. மகளின் அறையிலிருந்து சிரிப்பு கேட்டது.

"அம்மாவா? சான்சே இல்ல."

சுகந்தி பழனிவேலின் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே அவன் எரிச்சலோடு சொல்வது கேட்டது.

"அவ அப்படியெல்லாம் கேக்க மாட்டா. எவனோ பூந்துட்டான், பிளாக் பண்ணு."

அவளுக்குப் பின்னால், மேஜையில், திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்து 'இணைப்பு இல்லை' என்று வந்தது.