முப்பத்திரண்டாவது ஆள்

கால்பந்து லீக்குக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்த அன்று, செலஸ்டினின் பெயர் கடைசிச் சுற்றில்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் அரங்கை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். அவனை எடுத்த அணியின் பயிற்சி முகாமுக்கு வந்த முப்பத்திரண்டு பேரில் இருபத்தைந்து பேரைத்தான் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். தூத்தூர்க் கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவனுக்குப் புல்தரையில் பந்து ஓடும் வேகம் பிடிபடவே பத்து நாள் ஆயிற்று.

கடைசிப் பயிற்சி ஆட்டத்தில், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர் வெளியே இருந்தவர்களைப் பார்த்தார். "இடது பக்கம் யாருப்பா ஆடுவீங்க?"

செலஸ்டினுக்கு வலது கால்தான் வாகு. ஆனாலும் எழுந்தான். "நான் நிப்பேன் சார்."

பந்தோடு வந்தவர்களிடம் இரண்டு முறை ஏமாந்தான். மூன்றாம் முறை, கோல்கீப்பரைத் தாண்டிவிட்ட பந்தைக் கோட்டின் மேல் பாய்ந்து விழுந்து நெற்றியால் வெளியே தள்ளினான்.

"இடது கால் இன்னும் பழகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் போய்விட்டார்.

மறுநாள் காலை, தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டுவதற்கு முன்பே, ஜெர்சிகளில் பெயர் அச்சடிப்பதைக் கவனித்துக்கொள்ளும் தணிகாசலம் தாளும் பேனாவுமாக அவன் கட்டிலருகே வந்து நின்றார்.

"தம்பி, உன் பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவ?"

"எல்லார்ட்டயும் கேக்கியளா அண்ணே?"

தணிகாசலம் சிரித்தார். "நீ எழுத்தைச் சொல்லுப்பா."

செலஸ்டின் எழுந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினான்.