பூஜை போட்ட கார்

பெருமுக்கல் கோயிலில் புதுக் காருக்குப் பூஜை போட்டுவிட்டு மரக்காணம் திரும்பும் வழியில், முன்னால் போன உப்பு லாரி திடீரென்று நின்றது. ஒரு முழ இடைவெளியில் காரும் நின்றது.

பக்கத்து சீட்டில் இருந்த தணிகைவேல் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். “பாத்தியா அருள்மொழி? முன்னாடி கம்பெனி லோகோவுக்குப் பின்னால ரேடார் இருக்குது. கிட்ட போனா அதுவே பிரேக் போட்டுடும். அந்தத் தைரியத்துலதான் உன்ன ஓட்டச் சொன்னேன்.”

அவள் டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்கைக் காட்டினாள். “நீங்க கட்டுன சாமந்தி மாலை லோகோவ மூடிடுச்சிங்க. கோயில்லயே ரேடார் ஆஃப் ஆயிடுச்சி. பிரேக் போட்டது நான்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன ஓட்ட விட்டிருப்பீங்களா?”

மாலையைக் கழற்ற இறங்கியவன், அதைத் தொடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தான்.