விரல்நுனி வரை

ஷைனிக்கு நான்கு வயதில் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து பதினொரு வருடமாக அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலை வைத்திருப்பவர் அப்பா தேவசகாயம்தான். எந்த மாதம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் பிரிக்காமலே சொல்வார். இந்த முறை புதிதாக வந்திருந்த டாக்டர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஷைனியைப் பார்த்து, "அப்பா உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா? நீதான் சொல்லணும்" என்றார். அவள் தரையைப் பார்த்தபடி, "வெளிய" என்றாள்.

அரைமணி நேரம் கழித்து வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. பின்னாலேயே வந்த நர்ஸ் வழக்கம்போல் ஃபைலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் புதிதாக ஒரு தாள் சேர்ந்திருந்தது.

பேருந்தில் ஃபைலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷைனி ஓரக்கண்ணால் அவர் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். தக்கலை தாண்டியதும் அவர் ஃபைலை அவள் மடிக்கு மாற்றினார்.

"இனிமே நீயே வச்சுக்கோ மக்ளே."

"படிக்கலையா?"

"நீ சொன்னா கேக்கேன்."

அவள் ஃபைலைப் பிரித்து, அந்தத் தாளின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடி அவர் பக்கம் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் போடவேண்டிய மதிய ஊசியை அவள் மூன்று மாதமாகப் போடுவதில்லை என்று எழுதியிருந்தது. அவள் விரல்நுனி வரை வாசித்தார். ஏன் என்று கேட்க வாயெடுத்தவர், "தண்ணி குடிக்கியா?" என்றார்.