பதின்மூன்றாம் அதிகாரம்

திருச்செல்வத்தை இனிக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று ஜனார்த்தனன் ஐயா சொன்னபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் செய்த குற்றம், பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டை எடுத்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருடம். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து, அட்டையைக் காட்டினால்தான் பெற்றோல் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. குண்டசாலையில் செவ்வாய்க்கிழமை தோறும் ஐயா வீட்டில் கூடி வேதம் படிக்கும் நாங்கள் பதினொரு பேரும் அப்போது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலுக்கு வந்திருந்தோம். முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறதே, கடைசிக் காலத்தில் சாத்தான் பக்கம் நின்று ஆளும் அந்த மிருகத்தின் முத்திரை இந்த அட்டைதான் என்று ஐயா அடித்துச் சொன்னார். மாநகரசபையில் முப்பது வருடம் கிளாக்காக இருந்தவர். அவர் சொன்னால் சீல் விழுந்த மாதிரி.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஏழாம் அதிகாரத்திலயும் முத்திரை போடுறாங்களே, ஆண்டவரோட ஊழியக்காரங்க நெத்தியில. அது எதுங்க?"

அதைப் பிறகு பார்ப்போம் என்றார் ஐயா. அந்தப் பிறகு வரவேயில்லை.

ஐயா சொன்னபடி நடந்தார், அதில் குறை சொல்ல முடியாது. தன் மோட்டார் சைக்கிளைப் படங்கு போட்டு மூடிவிட்டார். திருச்செல்வத்தைத் தவிர எங்களில் வேறு யாருக்கும் வாகனமே இல்லை. ஆகவே மிருகத்தை எதிர்ப்பது எங்களுக்கு மிகவும் சுலபமாக இருந்தது.

திருச்செல்வத்துக்கு ஆட்டோதான் பிழைப்பு. அட்டையை லெமினேட் பண்ணி முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அந்த வண்டியில் நானும் ஏறமாட்டேன், என் குடும்பமும் ஏறாது என்றார் ஐயா. திருச்செல்வம் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டு போகிற உடம்பு இல்லை.

அந்த வாரமே, சந்தி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் முஸ்லிமான பளீல் நானா வாசலில் வந்து நின்றார். திங்களும் வியாழனும் தானே கூட்டிப்போய்க் கூட்டிவருவதாகச் சொன்னார். மூன்று மாதம், ஒரு நாள் தவறவில்லை. அவர் வண்டியிலும் அதே மாதிரி அட்டைதான். அவர் நம்ம சபை இல்லை, அவருக்கு அந்த அதிகாரம் பொருந்தாது என்று ஐயா விளக்கினார். விளக்கத்துக்கு எங்களிடம் எப்போதும் பஞ்சமில்லை.

இதற்கிடையில் திருச்செல்வத்தின் ஆட்டோ வாரத்தில் பாதி நாள் ஸ்டாண்டில் சும்மா நின்றது. அவர் மேசன்மாரோடு மண் சுமக்கப் போவதைக் கண்டவர்கள் கூட்டத்தில் வந்து சொன்னார்கள். முத்திரை வாங்கியும் வண்டி ஓடவில்லை பார்த்தீர்களா என்றோம். நானும்தான் சொன்னேன்.

அக்கா கொஞ்சம் தேறியதும் ஐயா வீட்டில், ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். பளீல் நானாவை அழைத்து முன்வரிசைக் கதிரையில் உட்காரவைத்தார். பிறகு எழுந்து பேசினார்.

"தீர்க்கதரிசிக்குக் காகத்துக்கிட்ட அப்பம் குடுத்தனுப்புன ஆண்டவர், எனக்கு இந்த நானாவ அனுப்பினாரு. இவர் இல்லாட்டி என் வீட்டுக்காரி இன்னைக்கு இல்ல."

எங்களுக்குக் கண் கலங்கியது. பளீல் நானா மட்டும் கதிரை நுனியில் நெளிந்துகொண்டிருந்தார். முன்னால் வைத்த டீயைத் தொடவில்லை. கடைசியில் எழுந்தே விட்டார்.

"சேர், இந்த நன்றிய நான் எடுத்தா எனக்கு ஹராம். எண்ட பெற்றோல் கோட்டா எண்ட ஓட்டத்துக்கே போதாது. உங்கட வீட்டு ஓட்டம் ஓடினது திருச்செல்வத்துட பெற்றோல்ல. கிழமைக்குக் கிழமை அவர்ட டேங்க்ல இருந்து எடுத்து போத்தல்ல தந்தாரு. தன்ட வண்டில நீங்க ஏறமாட்டீங்களாம், அதனால என்னையக் கூட்டிப் போகச் சென்னாரு. ஆருக்கும் செல்ல வாணாம் எண்டும் சென்னாரு. நான் அதுக்குச் சரி எண்டு செல்லல்ல, அதனால இப்ப செல்றன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, இந்த முறை வெட்கத்தால்.

ஐயா வேதப்புத்தகத்தைத் திறந்தார். பதின்மூன்றாம் அதிகாரம் முழுக்கச் சிவப்புப் பேனாக் கோடு. அங்கேயிருந்து பின்னோக்கிப் புரட்டி, கோடே விழாத ஒரு பக்கத்தில் நிறுத்தி வாய்க்குள் வாசித்தார். அப்புறம் திருச்செல்வத்துக்குப் போன் எடுத்து, நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நாந்தான். தப்பு என்மேல. உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரல. திங்கட்கிழமை அக்காவ நீதான் கூட்டிட்டுப் போகணும். நானும் கூட வர்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து திருச்செல்வம் மெதுவாகக் கேட்டார்.

"வர்றேங்க ஐயா. ஆனா கண்ணாடியில அந்த முத்திரை இன்னும் இருக்குதுங்க. கிழிச்சிட்டு வரவா?"

"வேணாம்பா," என்றார் ஐயா. "உன்னோட முத்திரை ஏழாம் அதிகாரத்துல உள்ளது."