அந்த வாசலைத் தாண்டும்வரை

ரம்புத்தான் மரம் கண்ணில் பட்டதும் புரோம் கையை உயர்த்தினார்.

நெடுமத்தளங்கள் நின்றன. சேகண்டி நின்றது. ஆடி வந்த பெண்கள் பாதி வளைத்த கையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த வீட்டைத் தாண்டுற வரைக்கும் யாரும் வாசிக்க வேணாம்" என்றார். "கூச்சலும் வேணாம்."

காவியுடையை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்த கொழுந்தியாள் ரியான் சும்மா விடவில்லை. "தாளமில்லாம தூக்கிட்டுப் போக இது என்ன பொணமா, மச்சான்? உங்க புள்ள துறவியாகப் போறான்."

அவர் நடையை எட்டிப் போட்டார்.

ரம்புத்தான் மரம் நின்ற அந்த வீடு அவருடைய மகள் நுவானுடையது. முஸ்லிமான அஸ்மியைக் கட்டிக்கொண்டு, அவன் மதத்துக்கு மாறி, அவள் அங்கே போய் நாலு வருஷம். அவர் ஒருநாளும் படியேறியதில்லை.

கோபம் என்றது ஊர். கோபமெல்லாம் முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் இருந்தது தயக்கம்தான்.

சயாமியரின் புத்த விகாரைக்குப் போகிற மத்தளம் வாசலில் வந்து முழங்கினால், புகுந்த வீட்டில் அவளை யாராவது ஒரு சொல் சொல்லிவிடலாம். தன்னால் அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்.

மணலில் காலடிகள் மட்டும் கேட்டன.

வெள்ளாடையும் மொட்டைத் தலையுமாக ஊர்க்காரர் ஒருவரின் தோள்மேல் உட்கார்ந்திருந்த மகன் வீசித், கழுத்தைத் திருப்பி அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். தாய் போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி ஆளாக்கியவள் நுவான். இன்றைக்கு ரியான் கையிலிருக்கும் காவியுடை அவள் கையில் இருந்திருக்க வேண்டியது.

கதவு சாத்தியிருந்தது.

எட்டிப் பார்க்கக்கூட மனசு வரவில்லையே என்று புரோமுக்குச் சுருக்கென்றது. நல்லவேளை வாசிக்கவில்லை என்றும் நினைத்துக்கொண்டார்.

வயல் தாண்டி, விகாரையின் சுற்றுச்சுவர் வந்ததும் மத்தளத்தில் முதல் அடியை அவரே அடித்தார். உள்ளங்கையால் அடித்தார், முழங்கையால் அடித்தார். மத்தளத்தை நிலத்தில் ஊன்றி அதன்மேல் ஏறி நின்றும் ஆடினார். இவருக்கு வயசு திரும்புது என்று சிரித்தார்கள்.

சன்னதியைச் சுற்றி வந்து, வீசித்தை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தபோது மேல்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே ஓதும் குரல் நெடுநேரம் ஏறி இறங்கியது.

வெளிவாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அஸ்மி. உள்ளே வராமல் அங்கேயே நின்றான். புரோம் எழுந்து போனார். இருவரும் நேருக்கு நேர் நிற்பது இதுதான் முதல் தடவை.

"ஏன் மாமா வரப்பு வழியா போயிட்டீங்க?"

அவருக்கு விளங்கவில்லை.

"தூரத்துல மத்தளம் கேட்டதும் நுவான் புள்ளைக்குச் சட்டை மாத்த உள்ள போனா. திடீர்னு நின்னுபோச்சு. யார் வீட்டுலயோ இளைப்பாறுறீங்கன்னு நினைச்சோம். அப்புறம் பார்த்தா சத்தம் விகாரைப் பக்கமா கேக்குது."

புரோம் தாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா பானை நெறைய ரோஜா சர்பத் கலக்கி வச்சிருக்காங்க. ஆடி வர்றவங்க களைச்சிருப்பாங்களேன்னு."

"வாசல் வழியாத்தான் வந்தோம்" என்றார் புரோம்.

"சத்தமே கேக்கலையே."

குற்றம் சொல்வதுபோல் இல்லை, புரியாமல் கேட்டான். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, சொல்லியனுப்பிய காரியத்தைச் சொன்னான்.

"துறவியாயிட்டா பொம்பளைங்க தொடக்கூடாதாமே. இப்ப நுவானைக் கூட்டிட்டு வந்தா, தம்பி தலையில ஒருதரம் கை வைக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னா. புள்ளையோட ரோட்டுல நிக்கிறா."

உள்ளே, வீசித்தை அதற்குள் அவனுடைய புதுத் துறவுப் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.