பச்சைப் பட்டை

அகழாய்வுக் குழியில் இறங்குகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். கிடைத்த பொருளைப் பார்த்து மனம் கலங்கினால் பட்டை சிவந்துவிடும். பிறகு அந்தப் பொருளைச் சான்றாக ஏற்க மாட்டார்கள், மண்ணிலேயே போட்டு மூடிவிடுவார்கள். கடல் விழுங்கிய தன் தெருவைத் தோண்டுவதற்காகவே மெட்டில்டா பல வருடங்களாக மனத்தை அடக்கப் பழகியிருந்தாள்.

இன்று தூரிகைக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா தென்பட்டது. மூடியில் ‘ஜெனிலா’ என்று வெட்டியிருந்தது. பின்னாளில் கடலோடு போன மகளுக்காக, அன்று பாத்திரக் கடையில் நின்று மெட்டில்டாவே வெட்டச் சொன்ன பெயர்.

“தெரிஞ்சவங்களுதாக்கா?” குழியின் மேலிருந்து மேற்பார்வையாளன் கேட்டான்.

“இல்ல தம்பி. பதிவு பண்ணிக்க.”

அவன் பதிந்துகொண்டு நகர்ந்தான். மெட்டில்டா மணிக்கட்டைத் திருப்பினாள். பட்டை பச்சையாகவே இருந்தது.

இப்போதாவது சிவக்காதா என்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.